வேன் எத்தனை மணிக்கு வருகிறது?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 9 வயது. காரைக்குடியில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். 7 வயதில் ஒருநாள் விடியற்காலை, தூக்கத்திலேயே வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் ஒழுகி, பேச வராமல் கிடந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். இ.இ.ஜி. எடுத்துப் பார்த்து, வலிப்பு என்று சொல்லி, வால்ப்ரோயேட் சிரப் இரண்டு வேளை எழுதிக் கொடுத்தார்கள். அதே அளவைத்தான் இன்றுவரை கொடுக்கிறோம். ஒன்றரை வருடம் ஒன்றும் இல்லை. இந்தப் படிப்பு வருடத்தில் மூன்று தடவை வந்துவிட்டது. ஒன்று வீட்டில், இரண்டு பள்ளிக்கூடத்தில். பள்ளியில் வந்த இரண்டுமே முதல் பீரியட். இரண்டாவது தடவை அங்கிருந்த ஆயாம்மா வாயில் கரண்டியை வைத்து ஈறு கிழிந்துவிட்டது. அதிலிருந்து அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். 'எங்களால் பொறுப்பு எடுக்க முடியாது, டிசி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். பள்ளியில் சொன்னதே தப்பு, பெண்பிள்ளை விஷயம் என்கிறார் என் மாமியார். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர், சென்னையில் விடுதியோடு சிறப்புப் பள்ளி பார்க்கலாம் என்கிறார். ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று எனக்கு யோசனை. உள்ளூரில் அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளி ஒன்று நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மார்க்கும் குறைந்துகொண்டே வருகிறது. ஆறே முக்காலுக்கு வேன், சில நாள் வேனிலேயே வாந்தி எடுத்துவிடுகிறாள். ராத்திரி அப்பாவிடம் வீடியோவில் பேசிவிட்டுப் படுக்கப் பத்து மணி ஆகிறது. அவளைக் கேட்டால், 'எந்தப் பள்ளிக்கூடம்னாலும் போறேம்மா, தனியா மட்டும் உக்கார வைக்க வேணாம்னு சொல்லு' என்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை, கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த ஆறே முக்கால் மணி வேனும் வாந்தியும் பத்து மணித் தூக்கமும் கண்ணில் பட்டன. சிபிஎஸ்இயா, தமிழ்வழியா என்று பேசுவதற்கு முன்னால் அதைப் பேசிவிடுவோம்.

ஆறே முக்காலுக்கு வேன் என்றால் பிள்ளை ஐந்தே காலுக்காவது எழுந்திருக்க வேண்டும். பத்து மணிக்குப் படுத்தவளுக்கு ஏழேகால் மணி நேரத் தூக்கம். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. குறைகிற தூக்கத்தை வேன் ஜன்னலில் தலையைச் சாய்த்து ஈடுகட்டுவாள். ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் நன்றாகவே தூங்கிவிடுவாள். பள்ளி வாசலில் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார்கள், அரைத்தூக்கத்தோடு முதல் பீரியடில் போய் உட்காருவாள். வலிப்பு வந்ததும் முதல் பீரியடில்தான்.

நான் பார்க்காத பிள்ளைக்குக் கடிதத்தை வைத்து இன்ன வகை வலிப்பு என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் ஏழு வயது, விடியற்காலைத் தூக்கம், ஒரு பக்கம் கோணிய வாய், எச்சில், பேச வராதது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எந்தக் குழந்தை மருத்துவருக்கும் ரொலாண்டிக் வலிப்புதான் முதலில் நினைவுக்கு வரும். குழந்தைகளுக்கு வரும் வலிப்புகளில் அதிகம் பார்க்கிற வகைகளில் ஒன்று. பெரும்பாலும் தூக்கத்தோடு ஒட்டியே வரும், கண் அசந்த கொஞ்ச நேரத்தில் அல்லது விழிக்கப்போகிற நேரத்தில். பதினைந்து, பதினாறு வயதுக்குள் அநேகமாகத் தானாகவே நின்றுபோகும். உங்கள் மகளுக்கு அதுதானா என்பதை மதுரை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பெயர் தெரிந்தால் பாதி பயம் போகும். எந்த வகையாக இருந்தாலும், தூக்கம் குறைந்தால் வலிப்பு எட்டிப் பார்க்கலாம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்தது வாந்தி. வெறும் வயிற்றில் அரை டம்ளர் பாலோடு வால்ப்ரோயேட் கொடுத்தால் பல பிள்ளைகளுக்குக் குமட்டும். அதோடு வேனில் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் மருந்தும் சேர்ந்து வெளியே போய்விடுகிறது. நீங்கள் காலண்டரில் இரண்டு வேளையும் டிக் அடித்திருப்பீர்கள், உள்ளே தங்கியது ஒரு வேளைதான். அப்புறம், 7 வயதில் எழுதிய அளவே இன்றும் என்கிறீர்களே. குழந்தைகளுக்கு மருந்து எடைக்குத் தக்கபடி. இரண்டு வருடத்தில் சட்டை அளவு எத்தனை முறை மாறியது? மருந்து அளவும் மாறியிருக்க வேண்டாமா?

ஆக, இந்த வருடம் வலிப்பு திரும்பியதற்கு மூன்று ஓட்டைகள் தெரிகின்றன. மூன்றையும் அடைக்காமல் எந்தப் பள்ளிக்கு மாற்றினாலும் வலிப்பு பின்னாலேயே வரும். முதலில் மதுரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். எடையைச் சொல்லுங்கள், வாந்தியைச் சொல்லுங்கள், மூன்று தடவையும் எந்த நேரம், அதற்கு முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம் என்று எழுதிக்கொண்டு போங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: பெண்பிள்ளை, இன்னும் சில வருடத்தில் பெரியவளாவாள், வால்ப்ரோயேட்டைத் தொடரலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா? கர்ப்பகாலத்தில் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. இப்போது அவசரம் இல்லை, ஆனால் அந்தப் பேச்சை இப்போதே தொடங்கிவைப்பது நல்லது. தயவுசெய்து நீங்களாக ஒருநாள்கூட மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் முன்னைவிடப் பலமாக வரலாம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் ஊரில் எட்டு மணிக்குப் பேசினால் அங்கே பத்தரை. வேலை முடிய நேரமாகும் என்றால் ஞாயிற்றுக்கிழமை நிறையப் பேசட்டும். பிள்ளை எட்டரைக்குப் படுத்தாக வேண்டும்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

விடுதியோடு சிறப்புப் பள்ளி வேண்டவே வேண்டாம். அவர் அக்கறையில் சொல்கிறார், தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பெரிதாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் சிறப்புப் பள்ளி என்பது சாதாரண வகுப்பில் ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகளுக்காக. வலிப்பு இருப்பது மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது. உங்கள் மகள் கேள்விக்கு வாக்கியம் வாக்கியமாகப் பதில் சொல்கிற பிள்ளை. விடுதியில் ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் முதலில் பார்க்கப்போவது யார்? ஒன்பது வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்ப நோய் ஒரு காரணமாகக் கூடாது.

வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பது பற்றி. இதில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். அடிக்கடி வலிப்பு. 'ஒரு வருடம் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வையுங்கள், கட்டுக்குள் வந்ததும் அனுப்பலாம்' என்று சொன்னேன், பெரிய கருணை காட்டியதாக நினைப்பு. அடுத்த வருடம் வேறு ஒரு காரியமாக அந்த வீட்டுக்குப் போனேன். நம் பக்கத்துப் பெரிய வீடு. பையன் பட்டாலையில் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டதும் எழுந்து முகப்பு வரைக்கும் போனான். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தான், வெளியே வரவில்லை. அவர்கள் போனதும் திரும்பி வந்து அதே தூணில் சாய்ந்துகொண்டான். 'பேச்சே குறைஞ்சு போச்சுங்க' என்றார் அவனுடைய அம்மா. வலிப்பு மட்டும் குறையவில்லை. மறுபடி பள்ளியில் சேர்க்கப்போனபோது வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் அந்த யோசனையை நான் சொன்னதில்லை. நாளுக்குப் பல தடவை வலிப்பு வந்து, மருந்துக்கும் அடங்காத பிள்ளைகளின் கதை வேறு. உங்கள் மகளுக்கு வருடத்தில் மூன்று தடவை. மூன்று நாளின் சில நிமிடங்களுக்காக இருநூறு நாள் படிப்பையும் சிநேகிதத்தையும் விட்டுவிடுவதா?

இப்போதைய பள்ளி விஷயத்தில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிரின்ஸ்பாலின் இடத்திலும் கொஞ்சம் நின்று பாருங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை கீழே விழுந்து இழுக்கிறது, மற்ற பிள்ளைகள் அலறுகிறார்கள், என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பயத்தில்தான் அந்த ஆயாம்மா கரண்டியை எடுத்தார். பொறுப்பு எடுக்க முடியாது என்று சொல்வதற்கு, எங்களுக்குச் செய்யத் தெரியாது என்றுதான் பாதி அர்த்தம். மீதிப் பாதிக்குச் சட்டம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சேர்த்துக்கொண்ட பிள்ளையை எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளி வெளியேற்ற முடியாது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் விலக்கு கொடுத்திருக்கிறது. மனரீதியாகத் துன்புறுத்துவதையும் அதே சட்டம் தடுக்கிறது, தனி பெஞ்ச் எதில் சேரும் என்று அவர்களையே யோசிக்கச் சொல்லலாம். டிசி வாங்கிக்கொள்ளச் சொல்வதை எழுத்தில் கொடுங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். அநேகமாகக் கொடுக்க மாட்டார்கள், பேச்சின் தொனியும் மாறும். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016 உங்களுக்கு நேரடியாக உதவுமா என்று கேட்டால், அதில் உள்ள 21 வகைகளில் வலிப்பு தனியாக இடம்பெறவில்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தைக் கடைசியாகப் பேசுங்கள், முதலில் செய்துகாட்டுங்கள். நான் பள்ளிகளுக்குப் போனால் கையில் ஒரு தலையணையும் ஒரு கடிகாரமும் கொண்டுபோவேன். டீச்சர் ஒருவரைத் தரையில் படுக்கச் சொல்லுவேன், கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள். அப்படியே ஒருக்களித்துத் திருப்பிக் காட்டுவேன், எச்சில் வெளியே வழிந்துவிட வேண்டும், மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது என்பதற்காக. தலைக்கு அடியில் தலையணை இல்லை என்றால் ஸ்கூல் பை போதும், டிபன் பாக்ஸை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். கழுத்தில் டையும் ஐடி கார்டுக் கயிறும் இருக்கும், தளர்த்த வேண்டும். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட. நாக்கை விழுங்கிவிடுவாள் என்பது வெறும் கதை. பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு எல்லோரையும் இரண்டு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுவேன். அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். அநேக வலிப்புகள் அதற்குள் தானாகவே அடங்கிவிடும்.

இரும்புச் சாவி வைத்தியமும் இப்படித்தான் பேர் வாங்கியது. நம் பக்கத்து வீடுகளில் சாவிக்கு என்ன பஞ்சம்! தலைவாசல் சாவி ஒன்றே கைக்கு அடங்காது. ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து பிள்ளையின் உள்ளங்கையில் திணிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடும், வலிப்பும் நிற்கும். பேர் மட்டும் சாவிக்கு. கரண்டி ஈறைக் கிழிக்கும், சாவி அப்படி ஒன்றும் கெடுதல் செய்யாது. ஆனால் சாவி தேடி ஓடுகிற ஆள் பிள்ளையை ஒருக்களிக்க மறந்துவிடுகிறார், அதுதான் என் சண்டை.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கதை வேறு. உடனே 108-க்கு அழைக்க வேண்டும். மிடாசோலாம் என்று மூக்கில் அடிக்கிற ஸ்பிரே இருக்கிறது. எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை எடையைக் கணக்கிட்டு உங்கள் டாக்டர் எழுதித் தருவார். பள்ளி அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. டாக்டரிடம் ஒரு பக்கத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள்: வலிப்பு எப்படி ஆரம்பிக்கும், எவ்வளவு நேரம் இருக்கும், என்ன செய்ய வேண்டும், எப்போது ஸ்பிரே, யாருக்குப் போன். தமிழிலும் எழுதி வாங்குங்கள். அன்று கரண்டியை எடுத்தது ஆயாம்மா. அடுத்த தடவையும் முதலில் ஓடி வரப்போவது அவர்தான், இங்கிலீஷ் தாள் அவருக்கு எதற்கு?

இனி உள்ளூர்ப் பள்ளி. என் ஓட்டு அதற்குத்தான், வரும் ஜூனிலிருந்து. காரணம் வேன் இல்லை என்பதுதான். ஒன்பது மணிப் பள்ளிக்கு ஏழு மணிக்கு எழுந்தால் போதும், இட்லி சாப்பிட்டுவிட்டு மருந்து, குலுங்காத வயிறு. வலிப்பு வந்தாலும் நீங்கள் பத்து நிமிடத்தில் போய் நிற்பீர்கள், வகுப்பிலேயே அரை மணி தூங்கி எழுந்து அடுத்த பீரியட் கவனிப்பாள். இப்போதோ, காரைக்குடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு அழைத்து வந்தால் அந்த நாளே போச்சு. நம் வட்டாரத்தில் செட்டியார்கள் கட்டிக்கொடுத்த இப்படிப்பட்ட பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. கட்டடம் நன்றாக இருக்கும், பிள்ளைகள்தான் குறைந்துவிட்டார்கள், எல்லோரும் வேனில் ஏறிக் காரைக்குடி போவதால். உங்கள் மகளுக்கு அந்தக் குறைவு ஒரு வசதி. பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒருத்தி சிரிப்பதை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தால் டீச்சருக்குத் தெரியும்.

இங்கிலீஷ் போய்விடுமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். இங்கிலீஷ் வழியிலிருந்து தமிழ்வழிக்கு மாறுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன், கணக்கில் வரும் சொற்களே முதல் பருவம் முழுக்கப் படுத்தும். ஆனால் ஐந்தாம் வகுப்புக்குள் மாறுவது, ஏழிலோ எட்டிலோ மாறுவதைவிட எவ்வளவோ மேல். கோடை விடுமுறையில் நாலாம் வகுப்புத் தமிழ்வழிக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வைத்து தினம் அரை மணி உட்காருங்கள். இங்கிலீஷ் கதைப் புத்தகங்களை வீட்டில் விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் பிள்ளை தெம்பாக இருந்தால் அப்போது மறுபடி யோசிக்கலாம்.

சேர்க்கும் முன் ஒருநாள் பள்ளி நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியையிடம் வலிப்பு என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள். முதல் கேள்வி 'என்ன செய்யணும்?' என்று வந்தால் சேருங்கள். 'இங்கே வலிப்பு வந்துடாதே?' என்று வந்தால் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடிகிறதா, பள்ளிக்குப் பின்னால் கிணறோ குளமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். வலிப்பு உள்ள பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது தண்ணீர்தான். குடிக்கிற ஊருணியில் நம் ஊரில் யாரும் இறங்குவதில்லை, ஆனால் மழைக்குப் பிறகு கண்மாயும் குளமும் நிறைந்தால் பிள்ளைகளை யார் தடுக்க முடியும்? தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்த பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் குளிக்கும்போதும் உள்தாழ்ப்பாள் வேண்டாம். மற்றபடி ஓடட்டும், கோகோ விளையாடட்டும், ஆண்டு விழாவில் ஆடட்டும். டிவி பார்த்தால் வலிப்பு வரும் என்பது ஒருசில பிள்ளைகளுக்கு மட்டும்தான், இ.இ.ஜி. எடுத்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

மார்க் குறைவதைப் பள்ளியை மாற்றினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். தூக்கம், முதல் பீரியட், வகுப்பின் பார்வைக்கு நடுவே தனி பெஞ்ச், இவையே போதும் மார்க்கைத் தின்ன. அதற்கு மேலும் ஒன்று இருக்கலாம். நான் சொன்ன வகை வலிப்பு உள்ள சில பிள்ளைகளுக்கு வாசிப்பிலும் மொழியிலும் லேசான தடுமாற்றம் இருக்கும், புத்திக் குறைவு இருக்காது. இன்று ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, வரி தவறி, வாசித்ததைச் சொல்லத் தெரியாமல் விழித்தால் மதுரையில் சைக்காலஜிஸ்ட்டிடம் கற்றல் பரிசோதனை செய்துவிடுங்கள். அப்படி ஒன்று இருந்தால் சான்றிதழ் உண்டு, பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரின் உதவியையும் தலைமையாசிரியை மூலமாகக் கேட்கலாம். அதுவும் உள்ளூர்ப் பள்ளிக்குச் சாதகமான ஒரு காரணம்.

உங்கள் மாமியாரை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நானும் ஒரு மாமியார்தான். 'பொம்பளப் பிள்ளை ஆத்தா, நாளப்பின்ன நாலு பேர் பேசுவாக' என்பதில் இருக்கிற பயம் பொய் இல்லை. நம் ஊரில் ஒரு வளவில் சொன்னது மறு வளவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கும் தெரியும். ஒரு காலத்தில் இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதியிருந்தது, 1999-ல் அதை எடுத்துவிட்டார்கள். அவருக்கு இதைச் சொல்லுங்கள். அப்புறம் இதையும் சொல்லுங்கள்: பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. கல்யாணப் பேச்சு வரும்போது வலிப்பே நின்று பல வருடம் ஆகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் சொல்லாமல் மறைத்த பள்ளியில் ஒரு ஆயாம்மா மறுபடியும் கரண்டியைத் தேடினால், கிழிந்த ஈறு இந்த வருடமே. ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம். தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், ஆயா, பக்கத்தில் உட்காரும் ஒரு தோழி, இந்த நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். அப்பத்தாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், ராத்திரி எட்டரைக்குப் பிள்ளையைப் படுக்கவைக்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். கதை சொல்லித் தூங்கவைக்க அவரைவிட யாருக்குத் தெரியும்?

ஜூன் வரைக்கும் இன்னும் சில மாதம் இப்போதைய பள்ளியில்தான் இருக்கப்போகிறாள். வேனை இப்போதைக்கு விட்டுவிட்டு, முடிந்தால் நீங்களே பின்னால் கிளம்புகிற பஸ்ஸில் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் தூங்கவிடாமல் ஏதாவது பேசிக்கொண்டே போங்கள். டாக்டரின் தாளோடு பிரின்ஸ்பாலைப் பார்க்கும்போது பேச நிறைய இருக்கும், ஸ்பிரே, பொறுப்பு, டிசி என்று. எதைப் பேச நேரம் இல்லாமல் போனாலும் பெஞ்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். தனி பெஞ்சில் விழுந்தால் கூப்பிட ஆள் இல்லை, நடுவில் இரண்டு தோழிகளுக்கு இடையில் உட்கார்ந்தால் ஒருத்தி தாங்குவாள், ஒருத்தி டீச்சரைக் கூப்பிடுவாள், மருத்துவ ரீதியாகவும் அதுதான் சரி என்று நான் எழுதியதாகவே சொல்லுங்கள். தேவைப்பட்டால் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தத் தோழிகளுக்கு நடுவில் என்பதை அவளிடமே கேட்டு, பேரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.